சபாபதியின் லென்ஸும் வசந்தாவின் தோடும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வைரத் தோட்டின் போட்டோவைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தோட்டை அல்ல, போட்டோவை. தோடு பக்கத்திலேயே தட்டில் இருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

கூப்பிட்டவர் சபாபதி. எங்கள் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். சிங்கப்பூர் மச்சான் கொண்டுவந்த ஜப்பான் காமிரா அவரிடம் இருக்கிறது. புத்தம் புதுசு. ஆனால் அதோடு வந்த லென்ஸ் பீரோவில் தூங்குகிறது. “புதுக் கண்ணாடியெல்லாம் வெறும் பளபளப்புபா” என்பார்.

மூர் மார்க்கெட்டில் பொறுக்கிய பழைய ஜெர்மன் காமிரா ஒன்றிலிருந்து லென்ஸைக் கழற்றினார். அதைப் பித்தளைக் குழாய் ஒன்றின் முனையில் பொருத்தி, லேத் பட்டறையில் மரை போட்டு, ஜப்பான் காமிராவில் திருகினார். லென்ஸ் பிலிமை விட்டுத் தள்ளிப்போகப் போக, சின்னப் பொருள் பெரிதாக விழும். எறும்பு எருமையாகும். அவ்வளவுதான் வித்தை.

குழாயின் உட்புறம் மினுங்கினால் படம் வெளிறிவிடும். அதற்காக உள்ளே கறுப்புத் துணி ஒட்டுவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் வெல்வெட் ஒட்டுவார்கள். சபாபதி பட்டு ஒட்டினார். பட்டே மினுங்குமே என்றேன்.

“காஞ்சிபுரத்துல உக்காந்துக்கினு என்னை வெல்வெட் ஒட்டச் சொல்றியா?”

ஊர்ப்பற்றுக்கு முன்னால் விஞ்ஞானம் எம்மாத்திரம்?

அவர் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்ட மூன்று படங்கள் தொங்குகின்றன. எறும்பு, செம்பருத்தி, ஈ. வருகிறவர்கள் யாரும் அவற்றைப் புகழாமல் காபி குடிக்க முடியாது.

எதிர்வீட்டு முருகேசனின் மகள் வசந்தா, பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கு வேலூர்ப் பக்கத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்தில் அவள் போடப்போகும் தோட்டுக் கல்லில் தோஷம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் மாப்பிள்ளையின் அம்மா. ஆசாரி பார்த்தார், சுத்தம் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம்... சபாபதி விடுவாரா? “ஆசாரி கண்ணு என்னாத்துக்கு? நான் படம் எடுத்துக் குடுக்கிறேன்” என்று தானாக முன்வந்தார்.

எடுத்தார். நடுக்கல் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்தது. அதன் வலது மேல் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு — முனையில் மூன்றாகப் பிரிந்து.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் சபாபதியின் கூடத்தில் கூடிப் படத்தைப் பார்த்தார்கள். “காக்கா கால் மாதிரியே இருக்குது பாருங்க” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “காகபாதம்! இதைப் போட்டுக்கினா புருஷனுக்கு ஆகாது.”

அந்தப் புருஷன் ஆகப்போகிறவர் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஆசாரி சுத்தம்னாரேம்மா...” என்றார் முருகேசன். கல்யாணம் கைநழுவுவது அவர் குரலிலேயே தெரிந்தது.

“ஆசாரி கண்ணுக்குத் தெரியாதது என் லென்ஸுக்குத் தெரியுது. ஜெர்மன் கண்ணாடி பொய் சொல்லாது” என்றார் சபாபதி. ஒரு குடும்பம் கலங்கி நிற்கும்போது அவருக்கு அந்தப் பெருமை வேண்டியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, “பத்திரிகைக்காரன், நீயே சொல்லுபா.”

என்ன சொல்ல? கல் எதிரே இருக்கிறது. எடுத்து வெளிச்சத்தில் பிடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. போட்டோ என்றால் சாட்சி. பெரிய போட்டோ என்றால் பெரிய சாட்சி!

நான் தோட்டை எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் சுவரோரம் நின்றிருந்த வசந்தா பேசினாள்.

“மாமா, எறும்புக்கு எத்தினி மீசை?”

“ரெண்டும்மா” என்றார் சபாபதி.

“உங்க எறும்புக்கு மூணு இருக்குதே.”

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். வலது மேல் ஓரத்தில் எறும்புக்கு மூன்றாவது மீசை. முனையில் மூன்றாகப் பிரிந்திருந்தது. செம்பருத்தியில் அதே இடத்தில் அதே கோடு; மகரந்தக் காம்பு என்று நினைத்திருந்தோம். ஈக்கு அது கால். அத்தனை நாள் புகழ்ந்தோமே, ஒருவராவது பார்த்தோமா?

சபாபதி காமிராவின் முதுகைத் திறந்தார். பிலிமுக்கு முன்னால் இருக்கும் சதுரத் திறப்பின் ஓரத்தில் ஒரு கறுப்பு இழை ஒட்டியிருந்தது. குழாய்க்குள் ஒட்டிய பட்டிலிருந்து பிரிந்து வந்தது. வெட்டின பட்டின் ஓரம் பிரியும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

தோஷம் கல்லில் இல்லை. விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

“நூலாவே இருக்கட்டும்” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “ஆனா ஒரு தடவை கண்ணுல பட்டுடுச்சே. வேற கல்லு வெச்சிக் கட்டிடுங்க. மனசுக்கு ஒப்பணும் இல்ல?”

அதாவது, பொய் என்று தெரிந்த பிறகும் பயம் வேண்டுமாம்.

முருகேசன் தலையாட்டத் தொடங்கினார். “சரிம்மா, மாத்திட...”

“வேணாம்பா” என்றாள் வசந்தா. மாப்பிள்ளையைப் பார்த்தாள். “நீங்க இன்னா சொல்றீங்க?”

அவர் அம்மாவைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பஸ்ஸுக்கு நேரமாவுதும்மா” என்றார்.

வசந்தா தட்டிலிருந்த தோட்டை எடுத்தாள். அவர்கள் முன்னாலேயே ஒரு காதில் போட்டுத் திருகினாள். பிறகு இன்னொன்று.

“எனக்கு இந்தக் கல்லு ஒத்துக்கும். உங்களுக்கு ஒத்துக்கலைன்னா வேற பொண்ணு பாருங்க.”

ஜன்னல் வெயிலில் நடுக்கல் இரண்டும் சுத்தமாக மின்னின. மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேடினார்கள். முருகேசன் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

படம் எடுக்க வேண்டிய காட்சி. சபாபதியோ இடுக்கியை வைத்துக்கொண்டு காமிராவுக்குள் நூல் பொறுக்கிக்கொண்டிருந்தார்!