ஏற்றாமல் போன மினி பஸ்

1991 நவம்பர். விடாத மழை. என் மகள் எஸ்தருக்கு நான்கு வயது. காதில் சீழ் வடியும். மருந்து கொடுத்தால் நிற்கும். மருந்து முடிந்ததும் மறுபடி வடியும். அந்த ஆண்டு முழுவதும் இப்படியே போனது. எங்கள் செந்தூல் வட்டாரக் கிளினிக்கில் தந்ததையெல்லாம் வேளை தவறாமல், கடைசிச் சொட்டு வரை கொடுத்து டைரியில் குறித்து வந்தேன். ஒழுங்காகச் செய்தால் குணமாகும் என்று நம்பினேன். ஆகவில்லை.

பிறகு சீழ் நின்றது, ஆனால் காய்ச்சல் வந்து நிற்கவே இல்லை. காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கியது. முதுகுப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். வீட்டில் எல்லாரும் கத்தியே பேசப் பழகியிருந்தோம். என் பிள்ளை செவிடாகிவிடுவாளோ, பிழைக்காமலே போய்விடுவாளோ என்று பயந்தேன்.

கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கிளினிக்கில் முன்பு எடுத்து அனுப்பிய சீழைச் சோதித்ததில், வழக்கமான மருந்துகளுக்கு அதிலிருந்த கிருமி சாகவில்லையாம். டாக்டர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். தமிழ் நர்ஸ் ஒருவர் எனக்கு விளக்கினார்.

“காது குத்தணுமாம் அக்கா. இன்னைக்கே அட்மிட் பண்ணணும்.”

எனக்குச் சுரீரென்றது. எங்கள் சபையில் நகை அணிவதில்லை. பிள்ளைகளுக்குக் காது குத்துவதும் இல்லை. குத்தினால் நோய் போகும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னபோதெல்லாம் மறுத்தவள் நான். ஆஸ்பத்திரியிலுமா?

“நாங்க காது குத்த மாட்டோம் சிஸ்டர். சபை விசுவாசிங்க நாங்க.”

“அதுக்கும் இதுக்கும் என்னக்கா?” என்று அவர் திகைப்பதற்குள் யாரோ அவரை உள்ளே அழைத்தார்கள். நான் பிள்ளையோடு வெளியேறினேன்.

பஸ் நிறுத்தத்தில் எஸ்தரின் உடம்பு என் தோளில் கொதித்தது. “அப்பா, பிதாவே, மருந்தும் கேட்கவில்லை, மனுஷரும் கைவிட்டார்கள். நீராவது கேளும்” என்று வாய்விட்டு அழுதேன்.

மினி பஸ் வந்தது. கண்டக்டர் கையை ஆட்டினார்.

“இடமில்ல ஆன்டி, அடுத்ததுல வாங்க லா!”

மினி பஸ்ஸில் இடமில்லை என்று கோலாலம்பூரில் யாராவது கேட்டதுண்டா? படியில் தொங்கவிட்டாவது ஏற்றுவார்களே! ஆண்டவரும் என்னை விட்டுப் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து சத்தம். அதே நர்ஸ், மழையில் நனைந்தபடி ஓடி வந்தார்.

“அக்கா! கம்மல் போட இல்லக்கா! உள்ள, செவிப்பறையில சின்னதா குத்தி, அடைச்சிருக்கிற சீழ எடுக்கணும். அத டெஸ்ட் பண்ணித்தான் எந்த மருந்து கேக்கும்னு பாப்பாங்க. இப்படியே விட்டா மூளைக்குப் போயிரும்!”

அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால்? பிள்ளையை அணைத்தபடி அவரோடு திரும்பி ஓடினேன்.

அன்றே மயக்கம் கொடுத்துச் சீழை எடுத்தார்கள். சோதனையில் ஒரே ஒரு மருந்துக்குக் கிருமி அடங்கியது. அதை ஊசியாகப் போட்டார்கள். வீக்கம் மெல்ல வற்றியது.

கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுடும்போது, பழக்கத்தில் “எஸ்தர்!” என்று கத்தினேன்.

“ஏம்மா கத்துறீங்க? இங்கதான இருக்கேன்.”

அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே முழங்காலிட்டேன்.

பிரியமானவர்களே, இப்போதெல்லாம் நான் ஜெபித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். டாக்டர் சொல்வது புரியாவிட்டால் மறுபடியும் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் மருந்துக்குக் கேட்காத நோய் இருக்கலாம். கேட்கிற தேவன் இருக்கிறார். ஒரு பஸ் உங்களை ஏற்றாமல் போனால் சோர்ந்துவிடாதீர்கள். திரும்பிப் பாருங்கள், யாரோ உங்களைத் தேடி ஓடி வந்துகொண்டிருக்கலாம்.