மருமகள் கொடுத்தனுப்பிய சவுக்காரம்

என் அக்காவின் கைகளைப் புண்ணாக்கியவன் நான். அந்தப் பழியை என் மருமகள் சுமக்கட்டும் என்று விட்டவனும் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நேராகச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால்தான் இவ்வளவும் நடந்தது.

திண்டிவனத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் வீட்டிலேயே சவுக்காரம் செய்வாள். அப்பளமும் வடையும் சுட்டு மிஞ்சிய எண்ணெயை வடிகட்டிச் சேர்த்து வைப்பாள். அதோடு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் சேர்த்து, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரை விட்டுக் கிளறி, பிளாஸ்டிக் டப்பாக்களில் ஊற்றி மாடி அறையில் காயவைப்பாள். மகனின் சட்டைக் காலர், அடுப்பு மேடைப் பிசுக்கு, அடிபிடித்த குக்கர், கால்மிதி எல்லாவற்றுக்கும் அதுதான். கட்டி இறுகினால் மட்டும் போதாது. ஒரு மாதமாவது காய்ந்தால்தான் தோலை அரிக்கும் காரம் அடங்கும். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அக்கா விழுப்புரத்தில் இருக்கிறாள். தன் பெண்ணை என் மகனுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்து வைத்திருந்தவள். அவனோ கூட வேலை செய்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு அக்கா வந்தாள்; சாப்பிடாமல் போனாள். அதன் பிறகு மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. நான் விழுப்புரம் போகும்போதெல்லாம் பேருந்து நிலையத்தில் பழமோ பிஸ்கட்டோ வாங்கிக்கொண்டு போய், "மருமவ குடுத்தனுப்பிச்சா" என்று சொல்லிக் கொடுப்பேன். எங்கள் பக்கத்தில் இதை யாரும் பொய்யாக எண்ணுவதில்லை. உறவு ஒட்டட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான். மருமகளுக்கு இது தெரியாது.

ஒருமுறை அக்கா கேட்டாள்: "உன் மருமவ சவுக்காரமெல்லாம் போடறாளாமே, எங்க கண்ணுலயும் காட்டுவாளா?" அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். அடுத்த முறை கிளம்பும்போது மாடிக்குப் போனேன். காய்ந்த கட்டிகள் தீர்ந்திருந்தன. டப்பாக்களிலிருந்து எடுத்து வைத்த புது ஈடு மட்டும் தட்டில் இருந்தது. முந்தின நாள்தான் மருமகள் சொல்லியிருந்தாள்: "இந்த ஈடு சரியா சேரல மாமா. காஸ்டிக் ஜாஸ்தியாய்ட்ச்சு போல. யாரும் தொட வேணாம்."

ஆனால் கட்டிகள் வெள்ளை வெளேரென்று, பார்க்க நன்றாக இருந்தன. அக்கா வீட்டிலேயே இருந்து காயட்டுமே என்று நினைத்து, சிலவற்றைத் தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். "இன்னாடா, வாசனையே இல்ல? அவள மாதிரியே இருக்குது" என்றாள். ஆனாலும் சிரித்தாள். "பரவால்ல, அத்தைன்னு ஒருத்தி இருக்கறது ஞாபகம் வந்துட்ச்சே." இப்போது போடாதே, காயவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அரைகுறையாகச் செய்ததை அனுப்பினாள் என்று அதற்கும் குறை சொல்வாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனமில்லாமல் திரும்பிவிட்டேன்.

மறுநாளே அவள் போர்வைகளையெல்லாம் எடுத்துப் போட்டு அந்தக் கட்டியால் தேய்த்துத் துவைத்திருக்கிறாள். அக்காவிடமிருந்து போன் வந்தபோது மருமகள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, என் பொண்ண உங்க ஊட்ல சேத்துக்கல, சரி. என் கையையும் பொசுக்கணுமா? தோலு உரிஞ்சிக்கினு வருது. சோறு பெசைய முடியல."

"நான் எதுவும் குடுத்தனுப்பலையே அத்தை" என்றாள் மருமகள்.

"அப்ப என் தம்பி பொய் சொல்றானா?"

மருமகள் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க மாமா."

மகனும் பார்த்தான். நான், "ஏதோ கட்டி மாறிப் போச்சுக்கா, விடு" என்றேன். யார் எடுத்தது என்று சொல்லவில்லை. போனை வைத்ததும் மகன் அவளிடம் கத்தினான். தான் கொடுக்கவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். "அப்போ எங்கப்பாதான் பொய் சொல்றாரா?" என்றான் அவனும். நான் குறுக்கே போய், "விடும்மா, பெரியவங்க கோவம், நாலு நாள்ல ஆறிடும்" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னேன். அந்த ஆறுதலை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கோபம் ஆறவில்லை. அக்கா தன் பேரனுக்கு மேல்மலையனூரில் மொட்டையடித்துக் காது குத்தியபோது, என்னையும் மகனையும் மட்டும் அழைத்தாள். மருமகள் என் வேட்டியை இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அங்கே பந்தியில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, சொந்தக்காரர்கள் கேட்க, எல்லாவற்றையும் சொன்னேன். தொடாதீர்கள் என்று அவள் சொல்லியும், அவளுக்குத் தெரியாமல் நானே எடுத்தேன் என்றேன். முன்பு கொடுத்த பழம், பிஸ்கட்கூட நான் வாங்கியவைதான் என்றேன்.

அக்கா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "வாத்தியாரு நல்லாத்தான் பாடம் எடுக்கற. இப்டிச் சொல்லுன்னு அவ சொல்லி அனுப்பிச்சாளா?"

"சத்தியமா நான்தான்க்கா."

"சோறு போடறவளுக்குப் பரிஞ்சிக்கினு வர்ற. எனக்குத் தெரியாதா?" என்றவள், கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள். "ஆமா, அப்ப இத்தினி நாளா ஒரு பழங்கூட அவ குடுத்தனுப்பலயா?"

சவுக்காரத்தைப் பற்றிச் சொன்னதை நம்பாதவள், பழத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் நம்பினாள்.

மகன் எல்லாவற்றையும் நம்பினான். திரும்பும் பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டான். நானும் கேட்டேன்.

"அத்தை நம்புனாங்களா மாமா?"

"இல்லம்மா."

"அன்னிக்கு போன்லயே சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

இப்போதும் சவுக்காரம் செய்கிறாள், எங்கள் வீட்டுக்கு மட்டும். நேற்று எதிர்வீட்டுப் பெண், பிள்ளையின் யூனிபார்மில் கறை போகவில்லை என்று ஒரு கட்டி கேட்டு வந்தாள். நன்றாகக் காய்ந்த கட்டிகள் தட்டு நிறைய இருந்தன. "வெளிய யாருக்கும் குடுக்கறதில்லக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள் மருமகள். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து, "அதுக்குக் காரணம் நான்தாம்மா" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு மாமா?" என்று மருமகள் தடுத்துவிட்டாள்.