குஞ்சம்மாள் கத்தாத காட்சி

அந்த வாரத்தில் குஞ்சம்மாள் அதற்குள் மூன்று தடவை செத்திருந்தாள். மலைக்கிராமமான பூண்டியில் கேரட் கழுவும் வேலைக்குப் போகிறவள். திண்டுக்கல்லிலிருந்து கொலைப்படம் எடுக்க வந்த அகிலனுக்கு ஆள் பற்றாக்குறை. புடவையை மாற்றி, கொண்டையை அவிழ்த்துவிட்டு, திரும்பத் திரும்ப அவளையே வெட்டினார்கள். ரத்தம் என்பது பீட்ரூட் சாறும் வெல்லப்பாகும். வெட்டுக்காயத்தில் எறும்பு ஏறும், பிணம் சொறிந்துகொள்ளும். ஆனால் அவள் கத்தினால் படக்குழுவுக்கே மயிர் சிலிர்க்கும். அந்தக் கத்தலை நம்பித்தான் படமே நடந்தது.

கொலைகாரன் அவளுடைய அண்ணன் மகன் யோகேஷ், ஜீப் ஓட்டுகிறவன். சாக்குத்துணி முகமூடியில் கண்ணுக்கு இரண்டு சின்ன ஓட்டை. நேர் எதிரே இருப்பதைத் தவிர எதுவும் தெரியாது.

"அத்தே, நேத்து மாதிரி காதுகிட்ட கத்தாதீங்க. இன்னும் கொய்யுங்குது."

"வெரசா வெட்டுடா. நான் ஏன் கத்தப்போறேன்?"

நாலாவது சாவு சோலைக்காட்டு ஓரத்தில், பிற்பகல் மூடுபனியில். கேமரா யோகேஷுக்குப் பின்னால் தள்ளி இருந்தது. குஞ்சம்மாள் ஈரத் தரையில் உட்கார்ந்தபடியே பின்னால் நகர வேண்டும். அவன் கோடாரியை ஓங்கியதும் கத்த வேண்டும்.

அவன் நெருங்கினான். அவனுக்கு வலப்புறம், புதரருகே பனி கொஞ்சம் விலகியது. காட்டுமாடு. கூட்டத்தோடு சேராத ஒற்றைக் கடா, தலையைத் தாழ்த்தி நின்றது. இன்னும் நாலு எட்டு வைத்தால் யோகேஷ் அதன் கொம்புக்கு நேரே போய்விடுவான்.

தொண்டை வரை வந்த கத்தலை அவள் விழுங்கினாள். ஒற்றை மாட்டுக்குக் கிட்டே கத்தினால் பாயும். "வராதே" என்றும் சொல்ல முடியாது, வசனமே அதுதான். அதைச் சொல்லச் சொல்லத்தானே அவன் இத்தனை நாளும் வந்து வெட்டினான்.

"அக்கா, கத்துங்க!" பனிக்குள்ளிருந்து அகிலனின் குரல். மாட்டின் காது திரும்பியது.

கோடாரி தலைக்கு மேலே எழுந்தது.

"யோகேசு, அண்ணன் சாப்பிட்டுச்சா?" என்றாள், பக்கத்து வீட்டில் விசாரிப்பதுபோல.

யோகேஷ் நின்றான். "ஆங்?"

"அசையாத. கோடாரிய எறக்காத. சோத்தாங்கைப் பக்கம் மாடு நிக்கிது."

சீறும் மூச்சு அவனுக்கும் கேட்டது. ஓங்கிய கை நடுங்கத் தொடங்கியது. அகிலன் மறுபடி கூப்பிடவில்லை, அவனும் பார்த்துவிட்டான். மாடு ஒருமுறை காலால் மண்ணைக் கீறியது. பிறகு உடம்பைத் திருப்பி, சுள்ளிகள் முறிய, சரிவில் இறங்கிப் போனது.

யோகேஷ் அப்படியே உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினான்.

அகிலன் கேமராவோடு ஓடிவந்தான். "பனியில கேமராவுக்கு மாடு தெரியலக்கா. கை நடுங்குறது மட்டும் தெரியுது. பாக்கவே திகிலா இருக்கு! கத்தல மட்டும் தனியா பதிஞ்சு சேத்துக்கிருவோம்."

"இதுல கத்த மாட்டேன் தம்பி."

"ஏங்க்கா?"

"நான் கத்துனா இவன் செத்துருவான்."

படத்தில் அந்த இடம் சத்தமில்லாமலே இருக்கிறது. பூண்டியில் படத்தைப் போட்டுக் காட்டியபோது மற்ற மூன்று சாவுக்கும் சிரித்தார்கள்.