கண்ணாடி அக்காவின் இரண்டு கார்டுகள்

கம்ப்யூட்டரை இயக்கியதும் கண்ணாடி அக்கா உடனே உட்காரமாட்டார். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நிற்பார், காய்ச்சலா என்று குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல. உள்ளே ஒன்றின் கீழ் ஒன்றாக, திரைக்குப் படம் வரைந்து தரும் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள். மேல் கார்டின் விசிறி உடனே சுற்றும்; கீழ்க் கார்டின் விசிறி கொஞ்சம் முனகிவிட்டுத்தான் கிளம்பும். "வந்துட்டியா, சோம்பேறி" என்று அதனிடம் சொன்ன பிறகே நாற்காலியை இழுப்பார். இழுப்பதும் மேசைக்கு நடுவில் இல்லை, இடது ஓரத்தில். அவ்வளவு அகலமான திரைக்கு முன்னால் ஒதுங்கி உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கார் ஓட்டுவார். இன்னொருவர் வந்து உட்காரப்போகிறார் என்றுதான் புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

பகலில் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக்கடையின் பின்னறையில் பார்வை சோதிப்பது அவர் வேலை. வருகிறவர் மூக்கில் காலிச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா தெரியுதா, இல்ல இதுவா?" என்று கேட்பார். நாள் முழுக்க அதே கேள்விதான். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு மேடம்" என்று சொல்பவர்களை அவர் நம்புவதே இல்லை. "பயந்துக்கிட்டு சொல்றாங்க. தப்பா சொல்லிட்டா தப்பான கண்ணாடி வந்துடுமோன்னு பயம். அவசரமே இல்ல, இன்னொரு தடவ பாருங்கன்னு சொல்வேன்" என்பார். ஊரார் கண்ணுக்கெல்லாம் இதுவா அதுவா என்று சட்டென்று தீர்த்துவைக்கும் இந்தக் கெட்டிக்காரிதான், தன் வீட்டுப் பெட்டிக்கு ஒரு கார்டு போதுமா, இரண்டு வேண்டுமா என்று தெரியாமல் வாரக்கணக்காக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு கார்டுகளும் அவருடைய கல்யாணத்துக்கு முந்தைய சொத்து. அக்காவும் தம்பியும் ஒரே அறையைப் பங்குபோட்டுக்கொண்ட காலம் அது. வேலைக்குச் சேர்ந்த அக்கா தனக்கென்று முதலில் வாங்கியது மேல் கார்டை. பிறகு தம்பி ஒரு பிரிண்டர் ரிப்பேர் கடையில் சேர்ந்ததும், அச்சு அசலாக அதே ரகத்தில் இன்னொன்றை வாங்கிவந்து கீழே செருகினான். விரல் நீளத்துக்கு ஒரு சின்னப் பட்டை இரண்டையும் இணைத்தது. திரையில் ஓடும் படத்தில் ஒரு ஃப்ரேமை இது வரையும், அடுத்ததை அது வரையும். "மாத்தி மாத்தி வரையும்க்கா. நம்ம வீட்டுல இதுங்களாவது சண்டை போடாம இருக்கட்டும்" என்றானாம்.

சண்டைக்கு என்ன பஞ்சம்! திரையைச் செங்குத்தாக இரண்டாகப் பிரித்து, இடது பாதியில் அக்காவின் சிவப்புக் கார், வலது பாதியில் தம்பியின் மஞ்சள் கார். இருவருக்கும் ஒரே கீபோர்டு. இடது பக்கத்து எழுத்துகள் அவருக்கு, வலது ஓரத்து அம்புக்குறிகள் அவனுக்கு. வளைவு வந்ததும் அக்காவின் வலது முழங்கை தம்பியின் விலாவில் இறங்கும். "ஏய், முழங்கைய உள்ள வை!" என்று அவன் கத்தி முடிப்பதற்குள் மஞ்சள் கார் புல்வெளியில் குப்புறக் கிடக்கும். அவன் அம்மாவிடம் ஓடுவான். "மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் அடிச்சுக்கோங்க" என்பார் அம்மா. இதைச் சொல்லும்போது அக்காவின் குரல் குழைந்துவிடும். "அவ்வளவு சந்தோஷமா அதுக்கப்புறம் இருந்ததே இல்ல. எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்துடப்போகுது" என்று கதவுப் பக்கம் பார்த்துக்கொள்வார்.

தம்பி வேறு வேலை கிடைத்து வெகுதூரம் போனான். கார்டைக் கழற்றித் தரவா என்று கேட்டதற்கு, "வேணாம்க்கா, அங்கயே இருக்கட்டும். தனியா விட்டா உன்னோடது பயந்துக்கும்" என்றுவிட்டான். அதன் பிறகு போன் பேச்சு சுருங்கிப்போனது. நல்லா இருக்கியா, சாப்டியா, சரி வச்சிடறேன்.

அப்படிப்பட்டவன் திடீரென்று ஒருநாள் கூப்பிட்டான். "அக்கா, புதுசா ஒரு ரேஸ் கேம் வந்திருக்கு. நீ அங்கருந்து, நான் இங்கருந்து சேர்ந்து ஓட்டலாம். சனிக்கிழமை சாயங்காலம் வர்றியா? இந்த மாசம் விட்டா அவ்வளவுதான். எனக்குக் குழந்தை பொறந்துட்டா பால் பாட்டிலத்தான் பிடிக்கணும், கீபோர்டு எங்க பிடிக்கிறது?"

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று மாலையே கேமை ஏற்றினார். பழைய கார்டுகள் இரண்டும் இரைந்தன, சுட்டன. திரையில் கார் ஒரு அடி நகர்ந்து நின்றது, இன்னொரு அடி நகர்ந்து உறைந்தேபோனது.

கம்ப்யூட்டர் கடைக்காரர் புதிய கார்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அக்காவின் கண்ணோ அலமாரியில் ஜோடியாக இருந்த இரண்டு பழைய கார்டுகள்மேல் போனது. இவருடையதைவிடப் பிந்திய ரகம், இணைக்கும் பட்டையோடு இருந்தன. "அந்த ரெண்டையும் போட்டா ஓடாதா?" என்றார். "இப்ப வர்ற கேமுக்கு ரெண்டாவது கார்டு இருக்கிறதே தெரியாது மேடம். அது சும்மா உக்காந்து கரண்ட்தான் சாப்பிடும்." "ஒவ்வொண்ணுலயும் மெமரி நாலு ஜிபி, ரெண்டும் சேர்ந்தா எட்டாச்சே?" "ரெண்டும் ஒரே பாடத்தத்தான் மனப்பாடம் பண்ணும். நாலு நாலுதான்." அக்காவுக்கு இதெல்லாம் தெரியாததில்லை. வேறு யாராவது வேறு மாதிரி சொல்லமாட்டார்களா என்ற நப்பாசைதான். "யோசிச்சு சொல்றேன்" என்று திரும்பிவந்தார். ஒரு சனிக்கிழமை போனது, இன்னொன்றும் போனது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் தம்பியின் அழைப்பை எடுக்காமலும் இருந்தார்.

கடைசியில் தன் தொழிலையே கையில் எடுத்தார். பழைய கேமை ஓடவிட்டு, கணக்கு வாத்தியாரான கணவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். முதலில் இரண்டு கார்டுகளோடும், பிறகு கீழ்க் கார்டை நிறுத்திவிட்டு ஒன்றோடும். "இது நல்லா இருக்கா, இல்ல இதுவா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான்மா இருக்கு."

"பயப்படாம சொல்லுங்க. இன்னொரு தடவ பாருங்க."

மனிதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ரெண்டுல வேகம் அதிகம்தான். ஆனா திரும்புற இடத்துல லேசா தட்டுது. ஒண்ணுல தட்டல."

அந்தத் தட்டு அக்காவுக்குப் பல வருஷமாகத் தெரியும். தம்பியின் கார்டு இம்மி நேரம் பிந்தி வருகிறது. வீட்டு வாசல் பள்ளத்தை விலகிப் போவதுபோல அதற்குத் தகுந்தபடி கையைப் பழக்கிவைத்திருந்தார். இப்போது அதற்காகத் தம்பியின் கார்டைக் கழற்றுவது பெரிய துரோகம் மாதிரி தோன்றி, கண்ணீர் வந்துவிட்டது.

"உன் தம்பி இந்தப் பெட்டிக்குள்ளயா இருக்கான்? போன்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், நீதான் எடுக்கமாட்டேங்கிற" என்றார் கணவர்.

மறுநாள் ஒற்றைக் கார்டு வீட்டுக்கு வந்தது. பழையவை இரண்டையும் அக்காவே கழற்றி, கண்ணாடி துடைக்கும் துணியால் தூசி போகத் துடைத்து, புடவை அலமாரியில் சேர்த்து வைத்தார். இணைப்புப் பட்டை மட்டும் ஒரு காலிக் கண்ணாடிக் கூட்டுக்குள் போனது. புதியது நல்ல பருமன். இரண்டும் இருந்த இடத்தை ஒன்றாகவே அடைத்துக்கொண்டது. உள்ளங்கை வைத்துப் பார்த்தால் சூடே இல்லை. "இதுக்கு உயிர் இருக்கா இல்லியான்னே தெரியல" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை. கணவர் நாற்காலியை மேசைக்கு நடுவில் போட்டு வைத்திருந்தார். அக்கா வந்தார், அதை இடது ஓரத்துக்கு இழுத்தார், உட்கார்ந்தார், ஹெட்போனை மாட்டினார். முழுத் திரையும் அவருக்குத்தான். பக்கத்தில் மஞ்சள் கார் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

"தெரியுதாக்கா?" என்றான் தம்பி.

"நல்லா தெரியுதுடா."

விளக்கு பச்சையானது. இரண்டு கார்களும் ஒட்டி உரசிக்கொண்டு பாய்ந்தன. தூரத்தில் முதல் வளைவு தென்பட்டது. சாலை வளைந்த இடத்தில் ஒரு தட்டும் இல்லை.

"அக்கா, முழங்கைய உள்ள வை!" என்று ஹெட்போனுக்குள் கத்தினான் தம்பி.

அதற்குள் அக்காவின் வலது முழங்கை, பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தை ஓங்கி இடித்துவிட்டிருந்தது.