எமல்டாவின் ஐந்நூறு ரூபாய்

நமுனுகுல தோட்டத்து ரெங்கம்மா, எமல்டாவுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் தரவேண்டியிருந்தது. இதை எமல்டா ஒருநாளும் ஒளித்ததில்லை. விடியுமுன் ரொட்டிக்கு மாவு பிசையும்போதே, "மூணு வருசமாச்சு, ரெங்கம்மா கையில இருந்து ஒத்தக் காசு வரல" என்று அடுப்புக்கும் கேட்கும்படி சொல்லிக்கொள்வாள். கிசுகிசுவென்று சொல்லும் பழக்கம் அவளிடம் இல்லை. அவள் மெதுவாகப் பேசினாலே ஹாலிஎல ஸ்டேஷனில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

ரயில் பாதைக்கு மேலே, தேயிலைச் சரிவில் இருக்கிற அந்தப் பிள்ளைகள் இல்லத்தை எமல்டாவும் அவள் கணவர் மத்தேயுவும் சம்பளம் இல்லாமல் நடத்துகிறார்கள். கோவில்பட்டிப் பங்கிலிருந்து இரண்டு வருடத் தொண்டுக்கு என்று கடல் தாண்டி வந்தவர்கள். பன்னிரண்டு வருடமாகிறது, இன்னும் போனபாடில்லை. எல்லாம் பெண்பிள்ளைகள். தாய் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போய்விட, தகப்பனால் பார்க்க முடியாமல் வந்து சேர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள்.

வந்த புதிதில் தோட்டத்துச் சனம் அவளை "இந்தியாக்காரம்மா" என்றது. எமல்டா விடுவாளா? "ஒங்க பூட்டன் எந்த ஊரு? திருச்சிப் பக்கமா? அப்பம் நீங்க முந்திக் கப்பலேறினவங்க, நான் பிந்தி ஏறினவ. அம்புட்டுதான் வித்தியாசம்" என்றாள். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவள் பெரியம்மா, மத்தேயு பெரியப்பா.

சேலைக்கு மேல் மத்தேயுவின் பழைய ஸ்வெட்டர், தலையில் துண்டு, இடுப்பில் சாவிக்கொத்து. காலையில் செபம், பிறகு ரொட்டியும் சம்பலும், பிறகு பள்ளிக்கூடச் சட்டைகளை அடுப்புக்கு மேல் கட்டிய கொடியில் காயவைத்து எடுப்பது. இந்த மூடுபனியில் வெயிலை நம்பினால் பிள்ளை ஈரச் சட்டையோடுதான் போகவேண்டும். சனிக்கிழமை பேன் பார்க்கிற நாள். வரிசையாக உட்காரவைத்துச் சீப்பை இழுத்தபடியே தன் கதையைச் சொல்லுவாள். அஞ்சாங்கிளாஸ் படித்தது, தீப்பெட்டி ஒட்டியது, கடலைமிட்டாய்க் கொப்பரையில் கை வெந்தது, கடைசியில் அந்தக் கொப்பரையையே விலைக்கு வாங்கியது. "இன்னைக்கு எங்க மிட்டாய் போகாத ஊரு எது, சொல்லு பாப்பம்!" பிள்ளைகளுக்குக் கதை மனப்பாடம். அவள் மூச்சு வாங்கினால் அவர்களே அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார்கள்.

இல்லத்தில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளைக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் வீட்டார் கட்டவேண்டும். அந்தக் காசுக்கு ஒரு பிள்ளையின் ஒரு வாரச் சோறுகூடத் தேறாது. மிச்சத்துக்கு ஊர்ப் பங்கு அனுப்புகிறது, எமல்டாவின் மகன்கள் அனுப்புகிறார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு துரைசாணி, "இது தொண்டா, வட்டிக்கடையா?" என்றே கேட்டுவிட்டாள்.

"ஓசிச் சோத்துல வளந்தவன்னு நாளைக்கு எவனும் இவளுவளச் சொல்லிரப்பிடாது. எங்கம்மா காசு கட்டுனான்னு நெஞ்ச நிமித்திச் சொல்லணும்" என்றாள் எமல்டா.

சும்மா பிறந்த சட்டமில்லை அது. சின்ன வயதில் ஒரு மடத்தில் அவளுக்கு மத்தியானச் சோறு போட்டார்கள். வகுப்பில் அவளுக்கு "தருமச்சோறு" என்றே பெயர். அந்தப் பெயரை உதறத்தான் அஞ்சாங்கிளாஸோடு தீப்பெட்டி ஒட்டப் போனாள்.

ஆகவே மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், பிள்ளைகள் எல்லாரும் பார்க்கக் கூடத்தில் நிற்பாள். உள்ளங்கையை நீட்டுவாள். "எண்ணிப் போடு. பிள்ளை காதுல விழட்டும்." தகப்பனோ பாட்டனோ எண்ணிப் போட, அந்தந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பட்டம் வாங்கினவர்கள் தோற்றுப்போவார்கள்.

குவைத்துக்குப் போன ரெங்கம்மாவின் மகள் சிவசக்தி மட்டும் அந்த நேரத்தில் கூடத்தில் இருக்கமாட்டாள். பின்பக்கம் போய், கழுவின சட்டியையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பாள். பன்னிரண்டு வயது. நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முந்திச் செபத்துக்கு வந்து உட்காருகிற பிள்ளை. சட்டி தேய்கிற சத்தம் எமல்டாவின் காதில் விழும். அன்றைக்கு ரெங்கம்மாவுக்குக் கூடுதலாக ஏச்சு விழும்.

ஒருநாள் அரிசி வாங்கப் போன இடத்தில் கடைக்கார ஜௌபர் கேட்டார். "ஏம்மா, அந்த ரெங்கம்மா வந்து ஆறேழு மாசமாகுதே, ஒங்களுக்குத் தெரியாதா? நமுனுகுலவுல கொழுந்து எடுக்கிறா. சாமான் வேனுல போன தம்பி பாத்திருக்கான்."

"வந்துட்டாளா? பின்ன பிள்ளையப் பாக்க ஏன் வரல?"

"ஒங்களுக்குப் பயந்துதானாம். காசு இல்லாம அந்தம்மா முன்னால எப்படி நிக்கிறதுன்னு அழுதாளாம்."

எமல்டா மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் மேட்டில் ஏறினாள். பிள்ளை தலைநிமிரவேண்டும் என்று போட்ட சட்டம், தாயையே பிள்ளையின் கண்ணில் காட்டாமல் அடித்துவிட்டதே!

"விட்டுரு எமல்டா. கடனைத் தள்ளிட்டேன்னு சொல்லி அனுப்பு. மன்னிக்கத்தான ஆண்டவர் சொன்னாரு?" என்றார் மத்தேயு.

"அவரு பாவத்த மன்னிக்கச் சொன்னாரு. ஐந்நூறு ரூவாய இல்ல. நான் தள்ளிட்டா அவ ஆயுசுக்கும் தருமச்சோறு."

மறுநாளே பஸ் ஏறினாள். நமுனுகுலவில் தோட்டத்து வரிசைவீடுகளான லயத்து வாசலில் நின்று, "ரெங்கம்மா! எங்கட்டி காசு?" என்று ஒரு குரல். லயம் முழுக்க வெளியே வந்து நின்றது.

ரெங்கம்மா ஈரக்கையோடு வந்தாள். "எட்டு மாசச் சம்பளம் தராமலே ஏத்தி அனுப்பிட்டாங்கம்மா. ஒரு கம்பளியோட வந்து எறங்கினேன். வெறுங்கையோட எம்புள்ள முன்னால எப்படிங்க நிக்கிறது?"

"கோட்டி மாதிரிப் பேசாத. கடன் இருக்கிறவதாம்ட்டி அடிக்கடி வரணும்! சாமான் வெல ஏறின வருசம் ஜௌபர் முதலாளிக்கு நான் எம்புட்டுக் கடன் தெரியுமா? தெனமும் காலைல கடை வாசல்ல போய் நிப்பேன். 'இன்னைக்கும் காசு இல்ல, பாத்துக்கிடுங்க'ன்னு சொல்லிட்டுத்தான் வருவேன். கடைசில அந்த மனுசன், காசே வேணாம், நீங்க வராம இருந்தாப் போதும்னுட்டாரு. விட்டனா? கடைசிச் சல்லி வரைக்கும் கட்டினேன்."

லயம் சிரித்தது. ரெங்கம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே கூட்டிப்போய் ரொட்டியும் கட்டச் சம்பலும் பால் விடாத சாயத்தண்ணியும் வைத்தாள். நாலு ரொட்டியை முடித்துக் கையை நக்கிய எமல்டா, "கடையில தின்னா முந்நூறு ரூவா. கடன்ல கழிச்சுக்க" என்றாள்.

ரெங்கம்மா நிமிர்ந்தாள். "வீட்டுக்கு வந்தவங்க சாப்பாட்டுக்குக் காசு கழிக்கமாட்டேங்க. கடன் வேற, சோறு வேற."

எமல்டா தொடையில் தட்டினாள். "ஏ யாத்தி! நீ எனக்கு மேல இருக்கியே!" வழியெல்லாம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள், ரெங்கம்மாவைத் தானே பெற்றுவிட்டதைப்போல.

அடுத்த ஞாயிறு ரெங்கம்மா வெறுங்கையோடு மேடேறி வந்தாள். "இன்னைக்கும் காசு இல்லைங்கம்மா."

"சரி. உள்ள போ, பிள்ள காத்திருக்கு."

அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. பாக்கியும் மாதத்துக்கு ஐந்நூறு என்று ஏறி இருபதாயிரத்தைத் தொட்டது. எமல்டா ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ரெங்கம்மா குறைக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போவதானால் கடனை முடித்துத்தான் என்று இருந்தாள்.

மாரியில் ஒரு முதல் ஞாயிறு. மழைக்குத் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்தபடி ரெங்கம்மா வந்தாள். லயத்துச் சீட்டு அவளுக்கு விழுந்திருந்தது. சிவசக்தியின் பை முதல்நாளே கட்டி வாசலில் இருந்தது.

"பாதிய வாங்கிக்க, மீதிய அவ கையிலயே குடுத்துரு" என்று மத்தேயு காதோரம் முணுமுணுத்தார்.

"சும்மா இருங்க நீங்க" என்ற எமல்டா, கூடத்தின் நடுவே வந்து நின்று உள்ளங்கையை நீட்டினாள். "எண்ணிப் போடு. பிள்ளை காதுல விழட்டும்."

பின்பக்கம் சட்டி தேய்கிற சத்தம் நின்றது. சாம்பல் கையோடு சிவசக்தி கூடத்துக்கு வந்தாள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து ரெங்கம்மா ஆயிரம் ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஏழில் அவள் நிறுத்தி மகளைப் பார்த்தாள். எட்டு என்று சிவசக்தி சொன்னாள். ஒன்பது என்றும் அவளே சொன்னாள், கூடம் அதிர, பெரியம்மாவின் குரலில். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். எமல்டாவின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்க அவள் கையை எடுக்கவில்லை. இருபதாவது நோட்டு வந்து விழும்வரை அந்த உள்ளங்கை விரிந்தபடியே, ஒரு இம்மி தாழாமல் நின்றது.