பெருங்காயம் வாங்காத வீடு

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் எதிரே வருவது எதிர்வீட்டு ரச வாசனைதான். குறை சொல்ல முடியாத ரசம். மிளகு, சீரகம், தக்காளி எல்லாம் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும். அவற்றுக்குப் பின்னால் பெருங்காயம் வந்து நிற்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைத் தேடுவேன். அவசரத்தில் தேடும்போது சாவி எந்தப் பையிலும் இருக்காது என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான்.

எங்கள் வீட்டில் பெருங்காயம் வாங்குவதில்லை. கல்யாணமான புதிதில் என் மனைவி மளிகைச் சாமானோடு ஒரு டப்பா வாங்கி வந்தாள். அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். "இனிமே இது ரசம் இல்ல, வெந்நீர்" என்று மனைவி அன்று சொன்னாள். இன்றும் சொல்கிறாள். அந்த வெந்நீரைத் தினமும் குடிப்பவன் என்ற முறையில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனாலும் வாங்குவதில்லை. காரணம் சொல்ல வேண்டுமானால் ஒரு பூவரச மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த அடுக்ககம் நிற்கும் இடத்தில்தான் அந்த மரம் இருந்தது. நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்தை ஒட்டியே நடந்தால் வருகிற இடம். அதற்கும் முன்னால் இது கழனி. வரதன் வீட்டார் கழனிக்குச் சொந்தக்காரர்கள். அதில் நாற்று நட்டதும் களை எடுத்ததும் எங்கள் வீட்டார். என் அப்பாவின் அப்பா, வரதனின் அப்பாவை 'ஆண்டே' என்று கூப்பிட்டவர். துண்டு தோளிலிருந்து கைக்கு வந்துவிடுமாம். பிறகு ஏரித் தண்ணீர் வருவது நின்றது, கழனி பிளாட் ஆனது. ஃபாக்டரியில் வெல்டராக இருந்த என் அப்பா முனுசாமி அதில் ஒரு மனை வாங்கினார். அதுவும் எங்கே? வரதன் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்ட மனையை ஒட்டி. வாங்கிய அன்று அப்பா அவரை 'வரதண்ணே' என்று கூப்பிட்டார். முந்தின நாள் வீட்டில் அதை ஒத்திகை பார்த்துக்கொண்டார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். எனக்கு அதில் சிரிப்பு வந்ததே இல்லை.

இரண்டு மனைக்கும் நடுவில் வேலி போட்டது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அப்போதெல்லாம் யாரும் சுவர் எழுப்பவில்லை. பூவரசங்கிளைகளை ஆளுயரத்துக்கு வெட்டி நட்டு, முள்கம்பி கட்டுவார்கள். அந்தக் கிளைக்குப் போத்து என்று பெயர். கயிற்றின் ஒரு முனையை வரதனும் மறுமுனையை அப்பாவும் பிடித்து இழுத்துக் கட்டினார்கள். அது நேராக நின்றதும் வரதன் சொன்னார், "முனுசாமி, ஒரு சாண் உன் பக்கம் தள்ளி நடுப்பா. போத்து தழைஞ்சா பெருக்கும்."

அப்பா யோசிக்கவே இல்லை. "வாணாண்ணே. கவுறு மேலயே நடலாம்."

விவரம் தெரிந்தவர்கள் யாரும் எல்லைக்கோட்டின் மேல் உயிருள்ள ஒன்றை நட மாட்டார்கள். வேலியில் செலவழித்த ஒரு சாண் மண் பிறகு தலைவலியைத் தவிர்க்கும். ஆனால் என் அப்பா வம்சத்திலேயே முதன்முதலாகச் சொந்த மண்ணில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போய் ஒரு சாணை விட்டுக்கொடு என்றால்? அதுவும் கேட்டது வரதன். தாராளமாக நடந்துகொள்ள நமக்கு முதலில் கொஞ்சம் இருந்து பழகியிருக்க வேண்டும்.

போத்துகளில் பலவற்றை ஆடு தின்றது, சிலதைக் கரையான் தின்றது. கிணற்றடி ஈரத்தில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்துக்கொண்டது. அதற்குத் தான் வேலிக்கால் என்பது தெரியாது. கிடுகிடுவென்று வளர்ந்து, இரண்டு பக்கமும் பருத்து, இரண்டு வீட்டுக்கும் நிழல் கொடுத்தது. அதன் இலையைச் சுருட்டி நான் பீப்பீ ஊதுவேன். நாகஸ்வரம் கற்றுக்கொள்ள அனுப்பலாமா என்று அப்பா ஒருமுறை கேட்டார். என் பீப்பீயைக் கேட்ட அம்மா வேண்டாம் என்றார். சரியான முடிவு.

அந்த இலை என்றால் எனக்குச் சரோஜாம்மாதான். வரதனின் மனைவி. பூவரச இலையில் மாவைத் தட்டி, வெல்லப் பூரணம் வைத்து மடித்து, ஆவியில் வேகவைப்பார். இலையின் பச்சை வாசனை மாவில் இறங்கியிருக்கும். ஆரம்பத்தில் எங்கள் பங்கை ஒரு தட்டில் வைத்து மரத்தடியில் வைத்துவிட்டு, "லச்சுமி, எடுத்துக்கோ" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். பிறகு எப்போதோ ஒரு நாள் கம்பிக்கு மேல் கையை நீட்டி அம்மாவின் கையிலேயே கொடுத்தார். அது எந்த நாள் என்று இருவருக்கும் நினைவில்லை. அம்மாவும் அவரை 'அம்மா' என்பதை விட்டு 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். ஆண்கள் இரண்டு பேர் கயிறு பிடித்துச் செய்ய முடியாததை இவர்கள் கொழுக்கட்டையால் செய்துவிட்டார்கள் என்று நான் அப்போது நினைத்தேன். எனக்கு அப்போது அறிவு அவ்வளவுதான்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் வரதன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். வரதன் முள்கம்பியை எடுத்துவிட்டுத் தலைக்கு மேல் உயரமாகச் சுவர் எழுப்பினார். எதற்கு அவ்வளவு உயரம் என்று கேட்டதற்கு சரோஜாம்மாதான் அம்மாவிடம் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "பொண்ணு பாக்க வர்றவங்களுக்குப் பக்கத்து ஊடு தெரிய வாணாமாம். நான் இன்னா சொல்லட்டும் லச்சுமி?"

சுவர் இரண்டு முனையிலிருந்தும் வந்து, மரத்தை ஒட்டி ஆள் நுழையும் அளவு சந்து விட்டு நின்றது. மரத்தை வெட்ட வேண்டும். வரதன் கோடாலியோடு ஆள் கூட்டி வந்தார். அப்பா மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"நான் கொடுத்த போத்துப்பா அது. என் மரம்."

"நான் கிணத்துத் தண்ணி ஊத்துன மரம் வரதண்ணே. என் எடத்துல கீது."

"எடத்தப் பத்தி நீ பேசறியா? இது யார் எடம்னு உங்கப்பன கேட்டிருந்தா சொல்லியிருப்பான்."

அப்பா அதன்பிறகு அவரை அண்ணே என்று கூப்பிடவில்லை. சர்வேயர் வந்து சங்கிலியை இழுத்துப் பார்த்து, கோடு மரத்துக்கு நட்டநடுவில் போகிறது, ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். நியாயமான பேச்சு. இருவருக்குமே பிடிக்கவில்லை. சுவர் அப்படியே நின்றது, நடுவில் ஓட்டைப்பல்லில் முளைத்ததுபோல் மரம்.

இனிமேல்தான் பெருங்காயம். ஒரு நாள் காலை சரோஜாம்மா சந்தில் தலையை நீட்டி, "லச்சுமி, ஒரு துண்டு பெருங்காயம் குடேன். புதுசா வாங்கின டப்பா தொடச்சு வெச்சாப்ல கீது. எலி துன்னுமாடி அத?" என்று கேட்டார். அம்மா கொடுத்தார். இருவரும் பெருங்காயம் தின்னும் எலியை நினைத்துச் சிரித்தார்கள். அம்மாவும் சரோஜாம்மாவும் சேர்ந்து சிரித்ததை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

கொஞ்ச நாளில் உச்சி இலைகள் பழுத்தன. அம்மா அடிமரத்தைப் போய்ப் பார்த்தார். வரதன் பக்கம் மண்ணை ஒட்டி உளியால் குடைந்து குடைந்து, ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். உள்ளே வந்து சீயக்காய் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். மரத்தைப் பட்டுப்போகச் செய்யப் பெருங்காயம் வைப்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த காரியம். பெருங்காயத்துக்கு அந்தச் சக்தி உண்டோ இல்லையோ, அப்படிக் குடைந்த மரத்துக்குள் சர்க்கரைப் பொங்கல் வைத்தாலும் அது செத்துத்தான் போகும்.

அப்பா கத்தவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். ஃபாக்டரி ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஊற்றினார். மரம் குடிக்கவில்லை. தண்ணீர் வரதன் வீட்டுப் பக்கம் வழிந்து போனது.

செத்த மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இப்போது வரதன் அதைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. உன்னுடையது என்றும் சொல்லவில்லை. "என் பக்கம் ஒரு குச்சி உழுந்தாலும் ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன்" என்று மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னார். சரோஜாம்மா ஒருநாள் அப்பாவிடமே வந்து கேட்டார். அதற்குமுன் அவர் அப்பாவோடு நேருக்கு நேர் பேசியதில்லை.

"மொத்தமா வெட்டிப் போட்ருங்க. அவர நான் பாத்துக்கறேன்."

"அவரு வாயால சொல்லட்டும்மா. 'முனுசாமி, அது உன் மரம், வெட்டிக்கோ'ன்னு ஒரு வார்த்தை. நாளைக்கே வெட்டிடறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக அப்பா காத்திருந்தார். அவருக்கு மரம் முக்கியமில்லை. அந்த மனையில் அவர் ஒட்டுக்குடியாக இல்லை என்று வரதன் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும். கையில் பத்திரம் இருந்தும் அது போதவில்லை. அவர் பிடிவாதக்காரர் என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். அந்தப் பிடிவாதம் எத்தனை காலத்துச் சரக்கு என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் வந்தது. காய்ந்த கிளைகள் எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் விழுந்து ஷீட் பிளந்தது. ஒரு நாள் நான் பட்டறையிலிருந்து திரும்பியபோது அப்பா ஏணியில் ஏறி வேலையை முடித்திருந்தார். எங்கள் பக்கம் நீட்டியிருந்த கிளைகள் அத்தனையும் கீழே கிடந்தன. வரதன் பக்கம் நீட்டியிருந்தவை அத்தனையும் அப்படியே இருந்தன. சர்வேயர் சொன்ன கோட்டை மரத்தின் உச்சி வரைக்கும் வரைந்து வெட்டியிருந்தார்.

"அவன் பக்கம் ஒரு சுள்ளியக்கூடத் தொடல" என்றார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே காற்று. நான் வீட்டில்தான் இருந்தேன். பெரிய சத்தமெல்லாம் கேட்கவில்லை. முற்றின முருங்கைக்காயை ஒடித்த மாதிரி ஒன்று, பிறகு தகர டிரம் உருளும் சத்தம். குடைந்த இடத்தில் மரம் ஒடிந்து, கனம் இருந்த பக்கமாகச் சாய்ந்திருந்தது. சரோஜாம்மா மழைத்தண்ணீர் பிடிக்க அந்த டிரம்மை நகர்த்திவைக்க வந்திருக்கிறார்.

அப்பா சந்து வழியாக ஓடினார். அந்தப் பக்கம் அவர் கால் வைத்தது அன்றுதான். அவரும் வரதனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மரத்தைத் தூக்கினார்கள். இருவரும் ஒரே மாதிரி கத்திக்கொண்டு தூக்கினார்கள். பிரயோசனம் இல்லை. சரோஜாம்மா அப்போதே போய்விட்டிருந்தார்.

மழையில் மரம் விழுந்து பெண் பலி என்று ஊரே பேசியது. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. மழை என்ன செய்தது? ஒருவர் அடியைக் குடைந்தார், ஒருவர் ஒருபக்கச் சுமையை இறக்கினார். இரண்டு பேரும் அவரவர் எல்லைக்குள் நின்றுதான் செய்தார்கள். வரதன் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் போலீஸ்காரர் அடிமரத்தை மோந்து பார்ப்பார். அப்பா சாவுக்குப் போய்த் தெருவிலேயே நின்றார். உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாடை கிளம்பும் வரை நனைந்துகொண்டே நின்றுவிட்டு வந்தார். அன்று அம்மா சமையலறைக்குப் போய்ப் பெருங்காயத்தை எடுத்துச் சாக்கடையில் போட்டார். அப்பா அதற்குப் பிறகு இருந்த காலம் வரைக்கும் 'என் மனை' என்று சொல்லி நான் கேட்கவில்லை. 'ஊடு' என்பார், அவ்வளவுதான்.

அப்பா போனார், அம்மாவும் போனார். பில்டர் ஒருவர் வந்து, இரண்டு மனையும் சேர்ந்தால்தான் கட்ட முடியும் என்றார். நானும் வரதன் மகளும் கையெழுத்துப் போட்டோம். சுவரை இடிக்க அரைநாள்கூட ஆகவில்லை. கிணற்றைத் தூர்த்தார்கள், மண் அடித்து மேடாக்கினார்கள், தெருவும் உயர்ந்தது, கரண்ட் கம்பத்தையும் நகர்த்திவிட்டார்கள். ரசம் வைக்கும் எதிர்வீட்டுக்காரி அந்த மகள்தான். வரதன் அவளோடுதான் இருக்கிறார்.

போன வாரம் கீழே பார்க்கிங்கில் அவரைப் பார்த்தேன். ஒரு கையில் கைத்தடி, இன்னொரு கையில் ஒரு முழம் கதம்பம். தூண்களுக்கு நடுவில் நடப்பதும் நிற்பதுமாக இருந்தார். சரோஜாம்மாவுக்கு அன்று திதி. வருடங்களாக நாங்கள் தலையை மட்டும்தான் ஆட்டிக்கொள்வோம். அன்று அவரே கூப்பிட்டார்.

"தம்பி, உங்க நைனா மரம் எந்த எடத்துல இருந்துச்சுப்பா?"

உங்க நைனா மரம். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். சொன்னது அவருக்கே தெரிந்திருக்காது. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் இனிமேல் யாரிடம் போய்ச் சொல்வது?

"பூ வெக்கணும்" என்றார். "மேல போட்டோவுக்கு வெச்சாச்சு. அவ உழுந்த எடத்துல ஒருதரம் வெக்கலாம்னு."

நான் தெருவிலிருந்து அடி வைத்துப் பார்த்தேன். பழைய கம்பம் இருந்த இடத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். கிணறு இங்கே என்றால் மரம் அங்கே. கிணறு எங்கே? எல்லாத் தூணும் ஒரே வெள்ளை, எல்லாக் காரும் ஒரே வரிசை. அவர் என் பின்னாலேயே வந்து ஒவ்வொரு தூணிலும் நின்று, "இங்கயாப்பா? இங்கயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியல பெரியவரே" என்றேன்.

அவர் கதம்பத்தைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் லிஃப்ட் பட்டனை அழுத்தினேன். இருவரும் ஒன்றாகவே மேலே போனோம்.