எல்லாக் கடப்பிலும் வேப்பிலை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் தெருவில் ஒரு வீடு மிச்சமில்லாமல் வேலி வாசல் கடப்பில் வேப்பிலை தொங்கியது.

சடங்கு இல்லை. ஊரடங்கு. கோயிலே பூட்டிக் கிடக்கிறது. பிறகு எதற்கு வேப்பிலை?

வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரலுக்காக. யாரோ ஓர் ஆண். தன்னை டொக்டர் என்கிறார். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி — மூச்சே இல்லை. வாசலில் வேப்பிலை கட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்தால் கொரோனா படியேறாதாம். அடித்துச் சொல்கிறார். மஞ்சள் விற்கும் விலைக்கு யார் தெளிப்பது? வேப்பிலை மட்டும் போதும் என்று தெருவே கூடி முடிவெடுத்துவிட்டது.

பாசிக்குடாவில் ஹோட்டல்களைப் பூட்டியதோடு என் சமையலறை வேலை போனது. இப்போது படுவான்கரையில், வாவி ஓரத்து ஊர் ஒன்றில், வயல் வட்டைக்குள் தண்ணீர்ப் பம்புக்குக் காவல். படுக்கை, நடராசா அண்ணன் வீட்டுக் கொட்டிலில். சாப்பாடு, அவர் மனைவி சரோசா அக்கா கையால். அந்த அக்காதான் காலையில் என்னை எழுப்பினார்.

"ரெண்டு கொப்பு முறிச்சுத் தா மனே. எனக்கு எட்டல்ல."

"இத யாரக்கா சொன்ன?"

"டொக்டர்."

"எந்த டொக்டர்?"

"உனக்கு டொக்டர்ர பேரும் வேணுமோ? எட்டாம் வகுப்போட நிண்டவனுக்கு வாய் மட்டும் நீளம். அங்க பார், கடைசி வீட்டுப் புஸ்பம் நேத்தே கட்டிட்டாள். நாமதான் பிந்திட்டம். முறி!"

முறித்துக் கொடுத்தேன். சோறு போடுகிற கையோடு வாக்குவாதம் கூடாது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வேலிக் கடப்பில் வேப்பிலை தொங்கினால், அது அலங்காரம் அல்ல, காப்பும் அல்ல. 'இந்த வீட்டுக்கு அம்மாள் வந்திருக்கிறா' என்று அர்த்தம். கொப்புளிப்பான், சின்னமுத்து... ஏதோ ஓர் அம்மை உள்ளே இருக்கிறது. வருகிறவர் கடப்போடு நின்றுவிடுவார். அயல்வீட்டார் கஞ்சியோ இளநீரோ கடப்படியில் வைத்து, வெளியே நின்று 'எப்பிடிக்கா இருக்கு?' என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். எழுத்தே தெரியாதவரும் வாசிக்கிற ஒரே அறிவித்தல் அதுதான். பொய் சொல்லி யாரும் அதைக் கட்டியதில்லை. கட்டவும் மாட்டார்கள்.

அந்தக் குரல் வந்து எல்லாரையும் கட்டவைத்தது.

புதன்கிழமை ஹனீபா காக்கா ஆட்டோவில் பேக்கரிப் பாண் கொண்டு வந்தார். ஏறாவூர்க்காரர். தெரு முனையிலேயே பிரேக் பிடித்துவிட்டார்.

"என்ன நடராசா, ஊர் முழுக்க அம்மாள் இறங்கிட்டாவோ?"

"இல்ல காக்கா. இது வராமப் பாக்கிறதுக்கு."

"அப்ப வந்த வீட்ட நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாண் விற்றுத் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை, கொஞ்சம் கருவாடு வாங்கலாம் என்று புஸ்பம் அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை. இங்கே இவர் தனியாள், கருவாட்டு வியாபாரம். கடப்பில் வேப்பிலை வாடிக் கருகித் தொங்கியது. நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தலையைக் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டேன்.

பாயில் கிடந்தார். காற்றுப் பிடித்த பம்பு போல மூச்சு இழுபட்டது. உதடு நீலம்.

"என்னக்கா இது? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே!"

"சத்தம் போட... மூச்சு வேணுமே மனே." கடப்புப் பக்கம் கண்ணைத் திருப்பினார். "கட்டித்தானே இருந்தன். திங்கக்கிழமையே காய்ச்சல். அண்டைக்கே கட்டினன். ஒருத்தரும் வந்து கேக்கல்ல."

சொல்லியிருக்கிறார். ஊருக்குத் தெரிந்த பாஷையில், முதல் ஆளாக, உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பொய்யைக் கட்டினார்கள்!

அதற்கு முதல் நாள்தான் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருவால் போனது. 'நோய் அறிகுறிகளை உடையோர் உரிய தரப்பினருக்கு உடனடியாக அறியத்தரவும். உறுதிப்படுத்தப்படாத தகவல்களைத் தவிர்க்கவும்.' எது அறிகுறி? யார் அந்தத் தரப்பு? உறுதிப்படுத்திய தகவலை எங்கே வைத்திருக்கிறீர்கள் ஐயா? வேகத்தைக்கூடக் குறைக்காமல் போய்விட்டது.

நடராசா அண்ணன் யார் யாருக்கோ ஃபோன் எடுத்துத்தான் அம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் நல்ல பிள்ளைகள். அந்த வெயிலில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு, பதறாமல் தூக்கிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

என் கோபம் வேறு. 'காய்ச்சலோட மூச்சு இழுத்தா வீட்ட கிடக்காதீங்க. இந்த நம்பருக்கு எடுங்க. அம்புலன்ஸ் வரும், காசு இல்ல' — இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? பேர் இல்லாத ஒருவன் பொய்யை வீட்டு மனிதன் போல உட்கார்ந்து பேசுகிறான். உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் பிடியாணை வாசிப்பது போல வாசித்துவிட்டுப் போகிறார்கள். சனம் யார் பேச்சைக் கேட்கும்? மூடச்சனம் என்று பிறகு எங்களையே திட்டவும் செய்வார்கள்.

அன்று பின்னேரம் சரோசா அக்கா தன் கடப்பு வேப்பிலையை இழுத்து எறிந்தார். பக்கத்து வீட்டுக்காரி பதறினாள்.

"அம்மாளுக்குக் கட்டினத அவுக்கிறதாக்கா?"

"அம்மாளுக்கோ கட்டினம்? ஃபோனுக்குக் கட்டினம். நீயும் அவுழு!"

இருட்டுவதற்குள் தெரு வெறுமையானது. கடைசி வீட்டில் மட்டும் விட்டுவைத்தோம்.

ஞாயிறு காலை ஒலிபெருக்கி ஆட்டோ மறுபடி வந்தது. இந்தத் தெருவில் கொரோனாத் தொற்றாளர் ஒருவர் இனங்காணப்பட்டிருக்கிறாராம். கடைசி வீட்டின் முன்னால் நின்று, இரண்டு தரம் சொன்னது. அது போன கையோடு எனக்கு ஃபோன். ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து புஸ்பம் அக்கா. குரலில் கொஞ்சம் தெம்பு.

"ஒக்சிஜன் கழட்டிட்டாங்க மனே. ஒண்டு கேக்கணும். எனக்கு என்ன வருத்தமாம், என்ன நோயாம்? இஞ்ச கேட்டா ஒருத்தரும் சொல்றாங்களில்ல."

தெருவுக்கே கத்திச் சொல்லிவிட்டார்கள்... வருத்தக்காரிக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை!